மரங்குடையும் பூச்சிகளை அறியுமாறு

தமிழ் பயிலும் மாணாக்கன் ஒருவன் பூச்சிகளைப் பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். உயிர்நூல் பயிலும் நண்பர்கள், தம் வேலிக்குள் அயலார் மாடு புகுந்ததெனக் கருதவுங் கூடும். ஆயினும் இவ்வியாசத்தை எழுதுமாறு என்னைத் தூண்டியது ஒரு தென்னைமரம். திருவேட்டக்குடியில் என் பாட்டியார் வீட்டுக் கிணற்றடியில் நின்ற அத்தென்னை, சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாட்காலை, காற்று ஏதுமின்றியே தலை முறிந்து வீழ்ந்தது. குருத்தும் மட்டையும் குலையுமாகக் கொண்டை முழுவதும் கீழே கிடக்க, அடிமரம் மட்டும் விளக்குக் கம்பம்போல் நின்றது. அம்மரத்தை ஏதோ பூச்சி அரிக்கிறதென்பதை இரண்டு ஆண்டுகளாகவே நாங்கள் அறிந்திருந்தோம். அறிந்தும் காக்க இயலவில்லை. நாங்கள் பகையென்று எண்ணிப் பொருத பூச்சி வேறு. மரத்தைக் கொன்ற பூச்சி வேறு.

திருவேட்டக்குடி, காரைக்காலுக்கு வடக்கே கடலை அடுத்திருக்கும் ஊர். திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற திருமேனியழகர் கோயில் இங்கு உளது. அயலிலே மீனவர் குப்பங்களும், 2010ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற புதுச்சேரித் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் கட்டடங்களும் உள்ளன. மணல் விரவிய மண்ணாதலின் வீட்டுக் கொல்லைதோறும் தென்னை நிற்கும். அதனோடு மா, முருங்கை, கொய்யா, பூவரசு. வேலியோரத்தில் மூங்கிற் புதர். கடலை நோக்கிச் செல்லச் செல்லச் சவுக்கும் பனையும். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் விடியுமுன் கஜாப் புயல் வேதாரணியத்தருகே கரை கடந்தபோது, தெற்கேயுள்ள மாவட்டங்களில் இலட்சக்கணக்கான தென்னைகள் வீழ்ந்தன. எங்கள் கொல்லையிலும் இரண்டு சாய்ந்தன. அவற்றின் அடிமரங்களை அறுத்து அப்புறப்படுத்தாமல், எருக்குழியின் அருகே உருட்டிவிட்டோம். அப்பொழுது யான் சிறுவன். அம்மரங்களின்மேல் ஏறி விளையாடியது நினைவிலிருக்கிறது. அவற்றினுள்ளே என்ன வளர்ந்ததென்பதை யாரும் எண்ணிற்றிலர்.

மரத்திற்கு எவ்வகைக் கேடு வரினும், "பூச்சி விழுந்துவிட்டது" என்னும் ஒரே தொடரால் ஊரார் அதனைச் சுட்டுவர். நோய் இன்னதென்று கூறாமல் 'உடம்புக்கு ஆகவில்லை' என்று மட்டும் மருத்துவரிடம் சொல்வதனை இஃது ஒக்கும். தமிழ்மொழி இவ்வகையில் வறுமையுற்றதும் அன்று. வண்டு, தும்பி, சுரும்பு, ஞிமிறு எனப் பறப்பனவற்றிற்குப் பல பெயர்கள் பழைய நூல்களிற் காண்கிறோம். கறையானுக்குச் சிதல், செல் என்னும் பெயர்கள் உள. மரத்தை மாவாக்கும் புழுவிற்கு 'உளு' என்று பெயர். 'உளுத்துப் போயிற்று' என்று நாம் நாடோறும் கூறும் சொல் அதனோடு இயைந்ததே. பெயர்கள் அகராதியிற் கிடக்கின்றன, கொல்லையில் வழங்கவில்லை. எங்கள் தென்னையின் இழப்பிற்கு இதுவும் ஒரு காரணம் என்றே எண்ணுகிறேன்.

மரங்குடையும் பூச்சியை அறிதலில் உள்ள முதல் இடர்ப்பாடு, அது கண்ணிற் படாமை. இலை தின்னும் புழுவை இலைமேற் காணலாம். இதுவோ தன் உணவிற்குள்ளேயே குடியிருப்பது. அதனால் உயிரைத் தேடுவதினும், அது விட்டுச்செல்லும் துளை, தூள், சாறு, ஒலி ஆகியவற்றைப் படிப்பதே வழி. அவற்றையும் படிக்கத் தொடங்குமுன், நம்முன் நிற்பது எவ்வகை மரம் என்று தெளிதல் வேண்டும். இவ்விடத்திலே எனக்குத் துணைநின்றது, வகுப்பில் பாடமாகப் பயின்ற தொல்காப்பிய மரபியல். வெளிப்புறத்தே வைரம் உடையனவற்றைப் புல் என்றும், உட்புறத்தே வைரம் உடையனவற்றை மரம் என்றும் ஆசிரியர் அதன்கண் பிரித்துரைக்கின்றார். புறக்காழ், அகக்காழ் என்பன அவர் ஆண்ட சொற்கள். காழ் என்பது வைரம். தச்சர் சேகு என்பதும் அதுவே. இப்பிரிவின்படி தென்னையும் பனையும் மூங்கிலும் புல்லினம். மாவும் பூவரசும் மரவினம். இக்காலத்து மரநூலார் ஒருவித்திலை, இருவித்திலை எனப் பகுப்பதும் இதனோடு பெரிதும் ஒத்துச் செல்லும்.

தேர்விற்காக மனனஞ் செய்த இப்பாகுபாடு கொல்லையில் பயன்படுமென்று யான் எதிர்பார்க்கவில்லை. ஆயினும் எண்ணிப் பாருங்கள். புறத்தே வைரமும் அகத்தே மென்மையும் உடைய தென்னையிற் புகுந்த புழு, உள்ளேயே உண்டு, உள்ளேயே கழித்து, மேற்றோல் குலையாமலே மரத்தைக் கூடாக்கிவிட வல்லது. நோய் முற்றுமளவும் வெளியே நின்று நோக்குவார்க்குக் குறி புலப்படுவது அரிது. அகத்தே வைரமுடைய மரங்களிலோ, பட்டைக்கும் வைரத்திற்கும் இடைப்பட்ட வெண்மரமே புழுக்களுக்கு இனிய உணவு. ஆதலின் அவை பெரும்பாலும் மேற்புறத்தை ஒட்டியே குடைகின்றன. தூளை வெளியே தள்ளுகின்றன. நாமும் விரைவிற் காண்கிறோம். தென்னையை இழந்து மாவைக் காத்த எங்கள் வரலாற்றின் சுருக்கம் இதுவே.

தென்னையை முதலிற் கூறுவேன். அதன் கொண்டையிற் புகும் வண்டுகள் இரண்டு. ஒன்று காண்டாமிருக வண்டு. தலையில் பின்னோக்கி வளைந்த ஒரு கொம்பும், கருநிறமும், ஒன்றரை அங்குலத்திற்கு மேற்பட்ட பருமனான உடலும் உடையது. ஆணின் கொம்பு பெண்ணினதினும் நீண்டது. லின்னேயஸ் என்னும் சுவீடிய அறிஞர் 1758ஆம் ஆண்டிலேயே இதற்கு நூற்பெயர் இட்டுவிட்டார். இது இரவில் பறந்துவந்து குருத்தினடியைக் குடைந்து சாற்றை உறிஞ்சும். குருத்து அப்பொழுது சுருண்டு மடிந்து இருத்தலின், ஒரு துளை பல மடிப்புக்களை ஊடுருவுகிறது. பின்னர் அம்மட்டை விரியும்போது, கத்தரியால் நறுக்கினாற்போல ஓலையில் கோண வெட்டுக்கள் வரிசையாகத் தோன்றும். இக்குறி எவரும் பிழையாது அறியத்தக்கது. துளையின் வாயில் மென்று துப்பிய நார்த்திரளும் காணப்படும்.

இவ்வண்டின் புழு தென்னையைத் தீண்டுவதில்லை என்பது பலர் அறியாத செய்தி. அது எருக்குழியிலும், மக்கிய மரத்திலும், உமிக்குவியலிலும் வாழ்ந்து மக்கியதையே உண்ணும். முட்டையினின்று வண்டாக ஏறத்தாழ ஐந்தாறு திங்கள் செல்லும். எருக்குழியருகே நாங்கள் உருட்டிவிட்ட புயல் மரங்கள் எத்தனை தலைமுறை வண்டுகளை ஈன்றன என்று கணக்கிட எனக்கு மனம் வரவில்லை.

ஓலையில் கோண வெட்டுக்களைக் கண்டபோது நாங்கள் வாளாவிருக்கவில்லை. வேப்பம் புண்ணாக்கு ஒரு பங்கும் மணல் இரு பங்கும் கலந்து மேல் மட்டைகளின் இடுக்குகளில் இடுவித்தோம். ஆமணக்குப் புண்ணாக்கை நீரிற் கரைத்துச் சிறு மண்பானைகளில் ஊற்றிக் கொல்லையில் வைத்தோம். அந்நாற்றத்தை விரும்பிவரும் வண்டுகள் அதனுள் விழுந்து மாளும். காலைதோறும் பானையை நோக்கி எண்ணிச் சொல்லுவது என் தம்பியின் தொழில். எண்ணிக்கை மிகுந்தவளவு எங்கள் மகிழ்ச்சியும் மிகுந்தது. வேளாண்மைத் துறையார் கூறும் முறைகளே அவை, அவற்றில் பிழையில்லை. வெட்டுக்களும் குறைந்தன. மரம் மட்டும் தேறவில்லை. நடுவிலைகள் மஞ்சளித்தன.

இரண்டாம் வண்டு அப்பொழுது உள்ளே இருந்தது. அதனைச் சிவப்புக் கூன்வண்டு என்பர். செம்பழுப்பு நிறமும், மார்பின்மேல் கரும்புள்ளிகளும், யானைத் துதிக்கைபோல் முன்னே நீண்டு வளைந்த மூக்கும் உடையது. காண்டாமிருக வண்டிற்கு இஃது எல்லா வகையிலும் மாறு. அதன்கண் வளர்ந்த வண்டு கள்வன், புழு குற்றமற்றது. இதன்கண் வண்டு செய்யும் கேடு சிறிது, புழுவே கொலைஞன். பெண்வண்டு மரத்திலுள்ள காயங்களைத் தேடி முட்டையிடும். வெளிப்படும் புழு காலில்லாத வெண்ணிறத் தசைப்பிண்டம். அதற்கு உள்ள கருவி பழுப்புநிறத் தலையும் வலிய தாடையுமே. அது குருத்தின் அடியையும் மரத்தின் மென்மையான உள்ளீட்டையும் இரண்டு மூன்று திங்கள் தின்று, நாரினாலேயே திரித்த கூட்டினுள் உறங்கி, வண்டாகி வெளிவரும். பெரும்பாலும் ஐந்து முதல் இருபது ஆண்டு அகவையுள்ள மரங்களே இதற்கு இரை.

காயம் எங்கிருந்து வந்தது? ஒருபகுதி காண்டாமிருக வண்டு உண்டாக்கியது. ஒருபகுதி, உண்மையைச் சொல்லின், நாங்களே உண்டாக்கினோம். என் தமையனார் திருமணத்திற்குப் பந்தலிடுவதற்காகப் பச்சை மட்டைகளை மரத்தையொட்ட வெட்டினோம். பச்சைப் புண்ணினின்று கசியும் சாறு புளிக்கும் வாடை, கூன்வண்டிற்கு விருந்தழைப்பு. மட்டையை வெட்டவேண்டின் அடியில் மூன்று நான்கு அடி நீளம் விட்டு வெட்டுதல் வேண்டுமென்பது இப்பொழுது எங்கள் வீட்டில் எல்லார்க்கும் தெரியும்.

மாசி மாதத்தில், தேங்காய் பறிக்க வந்த மரமேறும் பெரியவர் ஒருவர் மரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, மேலே பார்த்தது போதும், இங்கே காதை வையுங்கள்" என்றார். யான் அடிமரத்தை அணைத்துக் காதை வைத்தேன். கிணற்றடிக் காகங்கள் அடங்கியபின், உள்ளே மாடு வைக்கோல் மெல்லுவதுபோல நறநறவென்னும் ஓசை கேட்டது. அவ்வோசையை மறத்தல் எளிதன்று. சற்றுமேலே விரல்நுனி அளவான ஒரு துளையினின்று செம்பழுப்பான பிசின் வழிந்து உலர்ந்திருந்ததைப் பெரியவர் சுட்டிக் காட்டினார். அதனை நாங்கள் முன்னரே கண்டிருந்தோம். ஆணி அடித்த வடு என்று எண்ணினோம். "இனி மருந்திற்கு வேலையில்லை, அம்மா" என்று அவர் என் பாட்டியாரிடம் கூறியபோது, பாட்டியார் ஒன்றும் சொல்லவில்லை. அம்மரம் என் தாயார் மணமான ஆண்டில் வைத்தது.

வீழ்ந்த கொண்டையைப் பிளந்தேன். புளித்த நாற்றம். நார்க்கூடுகளும் புழுக்களுமாக 63 எண்ணினேன்; மேலும் இருந்தன. அவற்றை எரித்துவிட்டோம். எரியாது விட்டிருப்பின் அடுத்த தென்னைக்குச் செல்ல அவற்றிற்கு வழிகேட்கத் தேவையில்லை. இப்பூச்சி நம் நாட்டோடு நின்றதும் இல்லை. 1980களில் வளைகுடா நாடுகளின் பேரீச்சந் தோப்புகளிற் புகுந்தது. பின்னர் மத்தியதரைக் கடற்கரையெங்கும் பரவிற்று. புழு உள்ளிருப்பதை அறியாமல் கன்றுகளை நாடு விட்டு நாடு கொண்டு சென்றதே அதற்கு வாகனமாயிற்று. அங்குள்ள அறிஞர்கள் நுண்ணிய ஒலிக்கருவிகளை மரத்திற் பொருத்திப் புழுவின் ஓசையைக் கேட்க முயன்று வருகின்றனர். எங்கள் பெரியவர் காதினாற் செய்ததும் அதுவே.

இனி அகக்காழ் மரங்களுக்கு வருவோம். கொல்லையின் வடபுறத்தில் ஒரு மாமரம் உண்டு. தென்னை போனபின், மாவினடியிலும் தூள் கிடப்பதைக் கண்ட என் தந்தையார், விழுந்து ஓட்டை உடைக்குமுன் விற்றுவிடுவதே நலம் என்று முடிவுசெய்தார். மரவாணிகரும் வந்து சுற்றளவை அளந்து விலை கூறிவிட்டார். இவ்வாண்டுப் பொங்கல் விடுமுறையில் யான் ஊர் சென்றபோது இச்செய்தி காத்திருந்தது. இரண்டு நாள் தவணை கேட்டேன்.

மாவைக் குடைவன பல. கருத்திற் கொள்ளவேண்டியவை இரண்டு. முதலாவது, நீளக்கொம்பு வண்டின் புழு. இவ்வண்டு சாம்பல் நிறத்தது. ஏறத்தாழ இரண்டங்குல நீளம். உடலினும் நீண்ட இரு உணர்கொம்புகளும், மார்பின்மேல் சிறுநீரக வடிவான இரு செம்மஞ்சட் புள்ளிகளும் உடையது. பெட்டை பட்டைப் பிளவில் ஒவ்வொன்றாக முட்டையிடும். புழு முதலில் பட்டையின் கீழே வளைந்து வளைந்து உண்டு, பின் மரத்தினுட் புகுந்து கட்டைவிரல் பருமன் ஆகும். அது வெளியே தள்ளுவது மாவன்று. இழைப்புளியால் சீவினாற்போன்ற முரட்டு மரச்சிராய். துளையினின்று சாறும் வடியும். ஒரு கிளை மட்டும் இலையுதிர்ந்து காய்வது இதன் அடையாளம். அடிமரத்தைச் சுற்றிக் குடைந்துவிட்டால் மரமே மடியும். அத்தி, பலா முதலியவற்றையும் இது விடுவதில்லை. கடலோர மணலில் முந்திரி வைத்தவர்க்கு, அம்மரத்தின் அடியையும் வேரையும் குடையும் இதன் இனத்ததாகிய வேறொரு வண்டு நன்கு அறிமுகமாயிருக்கும்.

இரண்டாவது, பட்டை தின்னும் புழு. இது வண்டின் குழந்தையன்று. பழுப்புநிறச் சிறு விட்டில் ஒன்றின் புழு. கிளை பிரியும் கவட்டிலே சிறிய துளையிட்டுப் பகல் முழுவதும் அதனுள் ஒளிந்திருக்கும். இரவில் வெளிவந்து பட்டையைச் சுரண்டி உண்ணும். தன் எச்சத்தையும் மரத்தூளையும் பட்டுநூலாற் பிணைத்து, நாடாப்போல் ஒரு மறைவழி அமைத்து அதன்கீழேயே நடமாடும். ஆகவே மரத்தில் செம்பழுப்பு நாடாக்கள் தொங்கினால் குற்றவாளி இதுவே. கொய்யாவிலும் முருங்கையிலும் சவுக்கிலும் இதனைக் காணலாம். முருங்கை அடிமரத்தில் திரளாக அப்பியிருக்கும் கம்பளிப்பூச்சிகள் வேறு. அவை இலையுண்பன, மரத்தைக் குடைவதில்லை. அவற்றின் மயிரைத் தீண்டிய சிறுவர்க்கு விளக்கம் தேவைப்படாது.

எங்கள் மாவில் நாடாக்களே மிகுதி. அவை பழையனவா, உயிருள்ள புழுவினுடையனவா என்று எவ்வாறு அறிவது? மாலையில் எல்லாவற்றையும் துடைப்பத்தாற் கூட்டித் தள்ளினேன். மறுநாட் காலையில் ஏழு கவடுகளில் ஈரமான புதிய நாடா இருந்தது, மற்றவற்றில் இல்லை. ஆகவே புழு இருந்த இடங்கள் ஏழு. கிழக்குக் கிளையில் மட்டும் சிராயும் சாறும் கண்டேன். அது நீளக்கொம்பு வண்டின் வேலை. சைக்கிள் ஆரக்கம்பி ஒன்றின் நுனியை வளைத்துத் துளைக்குள் விட்டுத் திருகினேன். மூன்றாம் முறையில் என் நடுவிரலினும் நீண்ட வெண்புழு வெளிவந்தது. துளைகளில் மண்ணெண்ணெய் நனைத்த பஞ்சை அடைத்துக் களிமண் பூசினோம். தந்தையார் துளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "ஆவணி வரையில் இருக்கட்டும்" என்றார். மரவாணிகர்க்கு ஆளனுப்பினார்.

குற்றமற்ற ஒன்றையும் நாங்கள் தண்டித்ததை இங்கே கூறவேண்டும். கிணற்றின் இராட்டினத்தைத் தாங்கும் மரத்தூணில், துறப்பணத்தால் இட்டாற்போல வட்டமான துளைகள் சில இருந்தன. விட்டம் அரை அங்குலம் இருக்கலாம். நீலம் மின்னும் கரிய பெரிய வண்டுகள் அவற்றிற் புகுவதும் வெளிவருவதுமாய் இரைந்தன. தென்னையைக் கெடுப்பது இவையே என்று உறுதிகொண்டு, இரண்டு ஆண்டுகளும் தீப்பந்தத்தால் அவற்றைச் சுட்டோம். அவை தச்சுத் தேனீக்கள். காய்ந்த மரத்தையும் மூங்கிலையும் மட்டுமே குடைவன. குடைந்த மரத்தூளை உண்பதும் இல்லை. தாய் உள்ளே இழையோட்டத்தின் வழியே நீண்ட அறை குடைந்து, பூந்தாதும் தேனும் பிசைந்த உருண்டை ஒன்றை வைத்து, அதன்மேல் ஒரு முட்டையிட்டு, மரத்தூளால் சுவரெழுப்பி, அடுத்த அறையைத் தொடங்கும். உரத்திற்காக நம் வயல்களில் விதைக்கும் சணப்பு விதைபிடிக்க, அதன் பூவைத் திறக்கவல்ல இத்தகைய பெரிய தேனீக்களே வேண்டும். மரத்தைத் துளைக்கவல்ல வண்டு, மாலையில் குவிந்த தாமரைக்குள் அன்பினாற் சிறைப்பட்டுக் கிடக்கும் என்று வடமொழிப் புலவர் கற்பிப்பர். அக்கற்பனையில் மரந்துளைக்கும் வண்டாக வருவது இத்தேனீயாகத்தான் இருத்தல் வேண்டும் என்பது என் துணிபு. கன்னன் தொடையைத் துளைத்ததாகக் கதை கூறும் வண்டினைப் பற்றி யான் துணிபு ஏதும் கூறவில்லை.

கறையானும் இவ்வாறே பழி மிகுதியாகச் சுமப்பது. மரத்தின்மேல் மண்கூட்டைக் கண்டவுடன் மரம் போயிற்று என்பர். வளர்ந்த மரத்தில் அது பெரும்பாலும் உலர்ந்த புறப்பட்டையையே உண்கிறது. தென்னம்பிள்ளைக்கும் இளங்கன்றிற்கும் கேடு செய்யும் என்பது மெய். பெருமரம் பட்டதாயின், பெரும்பாலும் வேறொன்று கொன்றபின் கறையான் வந்தது என்க. புற்றினுள்ளே அது காளான் தோட்டம் வளர்த்து உண்கிறது; மழைக்குப்பின் புற்றில் எழும் காளான் அத்தோட்டத்தின் பூவே. தொல்காப்பியர் உயிர்களை அறிவு வகையாற் பகுக்கும்போது சிதலையும் எறும்பையும் மூவறிவினவாக வைத்து, தும்பிக்கு நாலறிவு கூறுகின்றார். மூவறிவாவன ஊறு, சுவை, நாற்றம், நான்காவது கண். கறையான் கூட்டத்திற் பெரும்பாலான வேலையாட்களுக்குக் கண்ணில்லை என்று இக்காலத்து உயிர்நூலார் கூறுவதோடு இது பொருந்துகிறது. எறும்பிற்குக் கண்ணுண்டு, சிறகு முளைத்த ஈசலுக்கும் உண்டு. ஆகவே நம் முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனர் என்று முழங்க யான் துணியேன். இருட்டில் மண்கூட்டின் கீழே நடப்பதை யாரோ ஒருவர் உற்று நோக்கியிருக்கிறார் என்றளவில் அமைகிறேன்.

அவ்வாறு உற்று நோக்கிய மற்றொருவர் எங்கள் ஊருக்குச் சில கல் வடக்கே, தரங்கம்பாடியில் இருந்தார். லின்னேயஸின் மாணாக்கராகிய கோனிக் என்னும் மருத்துவர் 1768ஆம் ஆண்டு மிஷனைச் சார்ந்து அங்கு வந்தவர். கறையானைப் பற்றி அவர் ஜெர்மன் மொழியில் எழுதிய கட்டுரை 1779ஆம் ஆண்டு பெர்லின் நகரத்தில் அச்சாயிற்று. ஆப்பிரிக்கக் கறையானைப் பற்றி ஸ்மெத்மன் என்பார் ஆங்கிலத்தில் எழுதிப் புகழ்பெற்ற கட்டுரைக்கு அஃது இரண்டு ஆண்டு முந்தியது. நம் கடற்கரையின் பூச்சிகள் பல தரங்கம்பாடியிலிருந்து கப்பலேறி, பப்ரீசியுஸ் என்னும் டேனிய அறிஞரிடம் சென்று நூற்பெயர் பெற்றன. அவர் நூலில் உறைவிடம் தரங்கம்பாடி என்ற குறிப்பு அடிக்கடி வருகிறது. எங்கள் கொல்லைப் பூச்சிகளின் உறவினர் ஐரோப்பாவில் கண்ணாடிப் பேழையில் இருக்க, எங்களுக்கு அவற்றின் பெயர் தெரியாது போயிற்று.

தமிழ் மாணாக்கர்க்குக் கறையான்மீது தனிப்பட்ட வழக்கும் ஒன்றுண்டு. தில்லையில் தேவார ஏடுகளைச் சிதல் மூடிக்கிடந்த வரலாற்றை அறியாதார் இலர். அழிந்தன எத்தனையோ, திருவேட்டக்குடிப் பதிகம் தப்பியவற்றுள் ஒன்று.

வெட்டிய மரத்தையும் மூங்கிலையும் கெடுப்பன உளுவினம். இவை மிகச் சிறிய வண்டுகள். குண்டூசித் தலையளவான துளைகளும், கோதுமை மாவுபோன்ற மெல்லிய தூளும் இவற்றின் குறி. மரத்திலுள்ள மாச்சத்தே இவற்றிற்கு உணவாதலின் வெண்மரத்தை உண்டு சேகை விட்டுவிடும். மூங்கிலின் புறத்தோல் கடினமாதலால் வெட்டுவாயின் வழியாகவும் உட்புறமாகவும் புகும். வெட்டிய மூங்கிலைக் குளத்தில் வாரக்கணக்கில் ஊறவிடும் வழக்கம் இதனை நோக்கியே; மாச்சத்தும் இனிப்பும் நீரிற் கழிந்துவிடும். தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்றும் என் பாட்டியார் கூறுவார்; குளத்தில் ஊறவைப்பதை அதற்காக அவர் விட்டுவிட்டதில்லை. கடலோர வீடுகளின் கதவடியில் மாவின்றிக் கசகசா மணிபோன்ற துகள் குவியுமாயின், அஃது உளுவன்று. மண்ணோடு தொடர்பின்றி உலர்ந்த மரத்திலேயே குடியிருக்கும் ஒருவகைக் கறையானின் எச்சம்.

சிறுவர் தீப்பெட்டியில் அடைத்து வளர்க்கும் பொன்வண்டும் மரங்குடையும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்ததே என்று கண்டு வியந்தேன். அக்குடும்பத்துப் பூச்சிகள் மரத்தினின்று வெளிவரும் துளை வட்டமாயிராது; ஒருபுறம் தட்டையாயிருக்கும். அத்தகைய துளை எங்கள் கொல்லையில் இன்னும் அகப்படவில்லை. மரக்கிளையோடு பூச்சியையும் எடுத்துச்சென்று காட்டி அறிய விரும்புவார்க்குக் காரைக்காலை அடுத்த செருமாவிலங்கையில் வேளாண்மைக் கல்லூரி உளது.

கல்லூரிக்குத் திரும்புமுன் இரவு, அரிக்கன் விளக்கோடு கொல்லைக்குச் சென்றேன். மாவின் ஏழு கவடுகளில் ஆறில் களிமண் அப்படியே இருந்தது. ஏழாவதில் மண்ணைத் தள்ளிக்கொண்டு விரலளவு புதிய நாடா தோன்றியிருந்தது. மீண்டும் கம்பியை எடுத்துவர வேண்டியதாயிற்று. பின்னர், கிணற்றடியில் மிஞ்சிய இரண்டாம் தென்னையின் அடியில் காதை வைத்தேன். நெடுநேரம் கடலோசையன்றி வேறொன்றும் கேட்கவில்லை. வியாழன்தோறும் காதை வைத்துப் பார்த்து எழுதுமாறு தம்பியிடம் சொல்லி வந்திருக்கிறேன். இதுவரை வந்த நான்கு கடிதங்களிலும் "ஓசை இல்லை" என்றே எழுதியிருக்கிறான்.